குழாயோடு வீடு திரும்பியவர்

“சின்ன டியூப் ஒண்ணு போட்டுச் சீழை எடுத்துடுவாங்க, அவ்வளவுதான்.”

கல்லீரலில் சீழ்க்கட்டி என்று மருத்துவமனையில் படுத்திருப்பவரிடம் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் சொல்லும் ஆறுதல் இது. பொய்யில்லை. குழாய் சின்னதுதான். அதைப் போடும் வேலையும் பெரும்பாலும் அரை மணி நேரம், மிஞ்சிப் போனால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். எனக்குத் தகராறு அந்த “அவ்வளவுதான்” என்ற சொல்லோடுதான். அந்த அரை மணி நேரத்துக்குப் பிறகு வரும் நான்கு, ஆறு வாரங்கள் அந்தச் சொல்லில் அடங்கவில்லை. நோயாளிக்கும் வீட்டில் இருப்பவர்களுக்கும் வேலை தொடங்குவதே அப்போதுதான்.

கடந்த ஆண்டு என் சித்தப்பாவுக்கு இது வந்தது. வயது 61, சரக்கு லாரி ஓட்டுநர், நீரிழிவு நோய் பன்னிரண்டு வருடமாக உண்டு. காய்ச்சலும் நடுக்கமும் வந்து வந்து போயின. வலது விலாவுக்குக் கீழே ஒரு மந்தமான வலி. பசியில்லை. பனடோல் போட்டுக்கொண்டே ஒன்பது நாள் வேலைக்குப் போனார். பத்தாம் நாள் பலதுறை மருந்தகத்தில் ரத்தச் சர்க்கரையைப் பார்த்த மருத்துவர், அங்கிருந்தே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பிவிட்டார். அன்று இரவே சிடி ஸ்கேன். கல்லீரலின் வலப்பக்கத்தில் ஏழு சென்டிமீட்டர் அளவில் சீழ்க்கட்டி.

செய்தி பரவியதும் உறவுக்காரர்களிடமிருந்து வந்த முதல் கேள்வி, “குடிப்பாரா?”

சித்தப்பா வாழ்க்கையில் பீர் கூடத் தொட்டதில்லை. ஆனாலும் கல்லீரல் என்றாலே நம் ஆட்களுக்கு மதுதான் ஞாபகம் வரும். அதற்குக் காரணமும் உண்டு. தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் கல்லீரல் சீழ்க்கட்டி என்றால் அமீபா கிருமியால் வருவதே அதிகம் பேசப்பட்டது. கள் குடிப்பவர்களிடம் அது கூடுதலாகக் காணப்பட்டதும் உண்மை. சிங்கப்பூரில் கதை வேறு. இங்கே இந்தக் கட்டிக்கு முதன்மைக் காரணம் கிளெப்சியெல்லா நிமோனியே என்ற பாக்டீரியா. நம்மில் பலருடைய குடலிலேயே அது சத்தமில்லாமல் குடியிருக்கிறது. எப்படியோ ரத்தத்தில் ஏறிக் கல்லீரலில் தங்கிவிட்டால் சீழ் பிடிக்கிறது. 1980களில் தைவான் மருத்துவர்கள் இதைத் தனி நோயாக அடையாளம் கண்டு எழுதினார்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம். சித்தி இதையெல்லாம் ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் விளக்கிக் களைத்துப் போனார். கணவர் காய்ச்சலில் கிடக்கும்போது அவர் குடிகாரர் இல்லை என்று நிரூபிக்கும் வேலை எந்தப் பெண்ணுக்கும் வரக்கூடாது. யாராவது இப்படிப் படுத்திருந்தால், தயவுசெய்து அந்தக் கேள்வியை விழுங்கிவிடுங்கள். மருத்துவர் கேட்பார், அது அவர் வேலை.

மறுநாள் காலை ஓர் இளம் மருத்துவர் வந்து ஆங்கிலத்தில் பொறுமையாக விளக்கினார். ஒப்புதல் படிவம் நீட்டினார். சித்தப்பா எல்லாவற்றுக்கும் “ம்ம்” கொட்டினார். வானொலியில் நேயர்களோடு பேசிப் பேசி, புரிந்த “ம்ம்” எது, புரியாத “ம்ம்” எது என்று என் காதுக்கு ஓரளவு தெரியும். மருத்துவர் போனதும் கேட்டேன்: “சித்தப்பா, என்ன செய்யப் போறாங்கன்னு சொன்னாரு?”

“வயித்தைத் திறந்து ஈரல்ல பாதியை எடுக்கப் போறாங்கம்மா. நான் வேண்டாம்னு சொல்லலாம்னு இருக்கேன்.”

படிவத்தில் கையெழுத்து இன்னும் ஈரமாக இருந்தது.

மருத்துவரை மீண்டும் அழைத்து, தமிழில் வரி வரியாகச் சொல்ல வைத்தோம். வார்டில் ஒரு தமிழ்த் தாதி இருந்தது பேருதவி. உங்கள் வீட்டுப் பெரியவருக்கு ஆங்கிலம் ஓரளவு தெரியும் என்றாலும் இதைச் செய்யுங்கள். விளக்கி முடித்ததும், “நீங்க புரிஞ்சுக்கிட்டதை எனக்குத் திருப்பிச் சொல்லுங்க” என்று கேளுங்கள். இரண்டு நிமிட வேலை.

அன்று சித்தப்பாவுக்குச் சொல்லப்பட்டதை என் சொற்களில் தருகிறேன். இது அறுவை சிகிச்சை இல்லை. வயிற்றைத் திறப்பதில்லை, கல்லீரலை வெட்டுவதில்லை. ஊடுகதிர்ப் பிரிவின் சிறப்பு மருத்துவர், அல்ட்ராசவுண்டு அல்லது சிடி படத்தைப் பார்த்துக்கொண்டே, விலாப் பக்கத்தில் மரத்துப்போகும் ஊசி போட்டு, மெல்லிய ஊசி ஒன்றைக் கட்டிக்குள் செலுத்துவார். அதன் வழியாக ஒரு கம்பி, கம்பியின் மேல் ஒரு குழாய். குழாயின் தடிமன் பெரும்பாலும் மூன்று, நான்கு மில்லிமீட்டர். உள்ளே போனதும் அதன் நுனி பன்றிவால் மாதிரிச் சுருண்டுகொள்ளும், நழுவி வெளியே வராமல் இருக்க. வெளிமுனையில் ஒரு பை.

மருந்து மட்டும் போதாதா என்பது சித்தியின் கேள்வி. சின்னக் கட்டிகளுக்கு, சுமார் மூன்று சென்டிமீட்டருக்குள் இருந்தால், பல நேரம் மருந்தே போதும். அமீபாவால் வந்ததும் பெரும்பாலும் மாத்திரையிலேயே அடங்கும். ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டிய பாக்டீரியாக் கட்டி என்றால் குழாய் போடுவதே வழக்கம். கெட்டியான சீழுக்குள் ரத்த ஓட்டம் இல்லை. ரத்தத்தில் போகும் மருந்து அங்கே சரியாகப் போய்ச் சேராது. ஏழு சென்டிமீட்டர் உருண்டை என்றால் கணக்குப்படி ஏறக்குறைய 180 மில்லிலிட்டர். ஒரு குவளை தே அளவு சீழ் உடம்புக்குள் இருக்கிறது என்று சொன்னதும் சித்தப்பா முகம் மாறியது. “அப்ப எடுத்துடுங்க” என்றார். எந்த விளக்கப் படமும் செய்யாததை அந்தக் குவளை செய்தது.

குழாய் போடுவதற்கு முன்னால் மருத்துவக் குழு சில விவரங்களைக் கேட்கும். கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிட வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின் போன்றவை அதில் முதலிடம். கல்லீரல் ரத்தம் நிறைந்த உறுப்பு, ஊசி குத்தினால் கசியும். அதற்காக அவற்றை நீங்களாக நிறுத்தவும் கூடாது; இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் நிறுத்தினால் அது வேறொரு ஆபத்து. எதை, எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவர் சொல்லட்டும். அடுத்து நீரிழிவு மருந்துகள். சில மணி நேரம் வெறும் வயிற்றில் இருக்கச் சொல்வார்கள். அப்போது இன்சுலின் எவ்வளவு, எந்த மாத்திரை வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். எம்பாகிளிஃபுளோசின் வகை மாத்திரை சாப்பிடுபவர்கள் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். காய்ச்சலிலும் பட்டினியிலும் அது உடம்பில் அமிலத்தைக் கூட்டிவிடக்கூடும். மெட்ஃபார்மினும் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்து நிறுத்தப்படலாம். ஊரிலிருந்து வரவழைத்த லேகியம், சூரணம் எதுவானாலும் சொல்லுங்கள். திட்டமாட்டார்கள்.

சித்தப்பா குழாய் போடும்போது விழித்துத்தான் இருந்தார். லேசான மயக்க மருந்து கொடுத்திருந்தார்கள். மரத்துப்போகும் ஊசிதான் எரிந்தது, பிறகு யாரோ கட்டை விரலால் அழுத்துகிற மாதிரி இருந்தது என்றார். நடுநடுவே மூச்சைப் பிடிக்கச் சொல்வார்கள், கல்லீரல் மூச்சோடு சேர்ந்து அசைவதால். வெளியே வந்ததும் அவர் கேட்ட கேள்வி எங்கள் எல்லாரையும் திகைக்க வைத்தது: “குழாய் விலாவுல போட்டாங்க, வலி ஏம்மா தோள்பட்டையில இருக்கு?” வலது தோளில் வலிப்பது இதில் சகஜம். கல்லீரலின் மேல் இருக்கும் உதரவிதானத்துக்கும் தோளுக்கும் நரம்பு உறவு உண்டு. இங்கே உறுத்தினால் அங்கே தெரியும். இதை முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால், மாரடைப்போ என்று சித்தி ஒரு மணி நேரம் உருகியிருக்க மாட்டார். ஆனாலும் எந்த நெஞ்சு வலியையும் இதுதான் என்று நீங்களே முடிவு கட்டாமல் தாதியிடம் சொல்லிவிடுங்கள்.

முதல் சில மணி நேரம் படுக்கையிலேயே இருக்க வேண்டும். அன்று மாலை அவருக்குப் பல் கிட்டும் அளவுக்கு நடுக்கம் வந்தது. கட்டியைத் தொடும்போது கிருமி கொஞ்சம் ரத்தத்தில் கலந்து இப்படி ஆவது உண்டாம். தாதிகள் தயாராகவே இருந்தார்கள். ரத்தக் கசிவு, பித்தநீர் கசிவு, நுரையீரலைச் சுற்றிய உறையில் படுவது ஆகியவை படிவத்தில் எழுதியிருக்கும் மற்ற ஆபத்துகள். அபூர்வம்தான், ஆனால் படித்துப் பார்த்துக் கேளுங்கள். ஒரே குழாயில் காரியம் முடியாமல் இன்னொன்று போட நேரலாம், கட்டி பல அறைகளாக இருந்தால் முக்கியமாக. மிகச் சிலருக்கு அறுவை சிகிச்சை வரை போகும். இரண்டாவது குழாய் என்றதும், முதல் மருத்துவர் ஏதோ கெடுத்துவிட்டார் என்று நினைக்க வேண்டியதில்லை.

எடுத்த சீழ் ஆய்வகத்துக்குப் போகும். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு மசியும் என்று தெரிய இரண்டு மூன்று நாளாகும். அதன்படி மருந்தை மாற்றினால் பதறாதீர்கள், நல்ல செய்தி.

இனிதான் வீட்டுக் கதை.

பலர் குழாயோடும் பையோடும்தான் வீடு திரும்புகிறார்கள். சித்தப்பாவும் அப்படித்தான் தம் மூவறை வீட்டுக்கு வந்தார். பை எப்போதும் குழாய் நுழைந்த இடத்துக்குக் கீழேயே இருக்க வேண்டும். தூங்கும்போது கட்டில் ஓரத்தில், நடக்கும்போது இடுப்புக்குக் கீழே. கட்டு நனையக்கூடாது, ஆகவே துடைத்துக் குளியல். குழாயைச் சட்டையோடு ஊசி குத்தி மாட்டாதீர்கள். தோலோடு ஒட்டும் பட்டை கொடுப்பார்கள். பேரப்பிள்ளைகள் மடியில் ஏறுவதைக் கொஞ்ச நாள் தள்ளிப் போடுங்கள், இழுத்துவிடுவார்கள்.

குழாய் அடைத்துக்கொள்ளாமல் இருக்க, சுத்தமான உப்புநீரைச் சின்ன அளவில் ஊசிக்குழலால் உள்ளே செலுத்தச் சொல்வார்கள். யார் செலுத்துவது? இந்தக் கேள்வி வார்டிலேயே தீர வேண்டும். வீட்டில் ஒருவர், தாதி முன்னால் தம் கையால் செய்து காட்டிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். தங்குவிடுதியில் இருக்கும் ஊழியர் தம்பிகளுக்கு இதைச் செய்ய ஆள் இருக்காது. அப்படியென்றால் வெளியேறும் முன்பே மருத்துவச் சமூக ஊழியரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். கட்டண விவரமும் அவரிடமே கேட்கலாம். உப்புநீர் போக மறுத்தால் பலத்தைக் காட்டக்கூடாது. நிறுத்திவிட்டு மருத்துவமனையை அழைக்க வேண்டும்.

சித்தி நகைக்கடை நாட்காட்டியின் ஓரத்தில் தினமும் பையின் கணக்கை எழுதினார். முதல் நாள் 60, பிறகு 45, 40, 35. செலுத்திய உப்புநீரைக் கழித்து எழுத வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஐந்தாம் நாள் 0.

சித்தப்பா துள்ளிக் குதித்தார். “பார்த்தியா, நின்னுடுச்சு! நாளைக்கே போய்க் குழாயைக் கழட்டிடலாம்.” அன்று இரவு காய்ச்சல் 38.4.

மெல்ல மெல்லக் குறைந்து நிற்பது ஒன்று, நேற்று 35 வந்தது இன்று சட்டென்று நிற்பது வேறு. இரண்டாவதற்குப் பெரும்பாலும் காரணம் குழாய்தான்: மடங்கியிருக்கும், அடைத்திருக்கும், அல்லது இடம் மாறியிருக்கும். சீழ் உள்ளேயே தேங்கும். சித்தி வார்டுக்குப் போன் செய்ய, உடனே வரச் சொன்னார்கள். பார்த்தால், குழாயின் நடுவே இருக்கும் மூன்று வழித் திருகு பை இருக்கும் பக்கம் மூடியிருந்தது. துணி மாற்றும்போது எதிலோ பட்டுத் திரும்பியிருக்கிறது. திருப்பி விட்டதும் வந்தது பாருங்கள், 50 மில்லிலிட்டர். அந்தத் திருகு எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இன்றும் அது இருக்கிறது, பொங்கல் படங்களுக்கு நடுவே.

காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டிய வேறு சில நிலைகளும் உண்டு. மீண்டும் காய்ச்சல் அல்லது நடுக்கம், பையில் புது ரத்தம், குழாயைச் சுற்றிக் கசிவு, மூச்சுத் திணறல், தாங்க முடியாத வலி. குழாய் வெளியே வந்துவிட்டால் திரும்ப உள்ளே தள்ளாதீர்கள். சுத்தமான துணியால் மூடிக்கொண்டு கிளம்புங்கள். இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: கண். இந்தக் கிளெப்சியெல்லா ரத்தத்தின் வழியே கண்ணுக்குள் போய் உட்காரக்கூடியது. கண் மங்கல், கண் வலி, சிவப்பு, கண் முன் புள்ளிகள் மிதப்பது என்று எது வந்தாலும் அன்றே, அந்த மணி நேரமே போக வேண்டும். கண்ணாடிப் பவர் மாறியிருக்கும் என்று நாளைத் தள்ளினால் பார்வையே போகலாம். கல்லீரலில் கட்டி உள்ளவர் கண்ணைப் பற்றிச் சொன்னால் சிரிக்காமல் கேளுங்கள்.

குழாய் சீழை எடுக்கும். கிருமியைக் கொல்வது மருந்து. நான்கிலிருந்து ஆறு வாரம் வரை அது தொடரும். முன்பெல்லாம் இத்தனை வாரமும் நரம்பு வழியே ஏற்றுவதுதான் வழக்கம். அந்த வழக்கத்தை மாற்ற உதவியது சிங்கப்பூரிலேயே நடந்த ஓர் ஆய்வு: கிளெப்சியெல்லா கட்டி வந்த 152 பேரை இரண்டாகப் பிரித்து, தொடக்க நாட்களில் ஊசி மருந்து கொடுத்த பிறகு, ஒரு பிரிவினருக்கு மாத்திரை, மற்றவர்களுக்கு நரம்பு வழி மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். மாத்திரைக்காரர்கள் பின்தங்கவில்லை. எல்லாருக்கும் இது பொருந்தாது, மருத்துவர்தான் முடிவு செய்வார், ஆனால் “எனக்கு மாத்திரைக்கு மாறலாமா, எப்போது?” என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அந்த மாத்திரை சிப்ரோஃபுளோக்சசின் என்றால் பாலோடும் தயிரோடும், இரும்பு, கால்சியம் மாத்திரைகளோடும் சேர்த்து விழுங்கக்கூடாது. மருந்து உடம்பில் ஏறாது. காலை மாத்திரையைத் தே தாரிக்கோடு போடுவது சித்தப்பாவின் முப்பது வருடப் பழக்கம். அதை மாற்றுவதற்குக் குழாய் போட்டதைவிட அதிகச் சண்டை நடந்தது. சில நீரிழிவு மாத்திரைகளோடு சேர்ந்தால் அது சர்க்கரையைத் திடீரென்று இறக்கவும் செய்யும், எனவே விரல் நுனிப் பரிசோதனையைக் கூட்டிக்கொள்ளுங்கள். குதிகால் நரம்பு வலித்தால் சொல்லுங்கள்.

வேலை? குழாயோடு லாரி ஓட்டவோ, பெட்டி தூக்கவோ முடியாது. சித்தப்பாவுக்கு எம்சி கேட்கவே கூச்சம். ஆண்டு விடுப்பில் கழித்துக்கொள்கிறேன் என்றார். சிங்கப்பூர் வேலைச் சட்டத்தின்கீழ் வரும் ஊழியர், ஆறு மாதம் வேலை செய்திருந்தால், சாதாரண மருத்துவ விடுப்பு 14 நாட்களையும் சேர்த்து ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்தோடு மருத்துவமனை விடுப்புப் பெறலாம். அதற்கான சான்றிதழ் தனி. வார்டை விட்டுக் கிளம்பும்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பையில் தினமும் வருவது 10, 20 மில்லிலிட்டருக்குக் கீழே போய், காய்ச்சலும் இல்லாமல், ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் திருப்தியாக இருந்தால் குழாயை எடுப்பார்கள். சித்தப்பாவுக்குப் பதின்மூன்றாம் நாள். உள்ளே இருக்கும் சுருளைத் தளர்த்தி உருவ ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. அன்றைய ஸ்கேன் அறிக்கையில் “3 சென்டிமீட்டர்” என்று இருந்ததைப் பார்த்து சித்தி மறுபடி கலங்கினார். படத்தில் அந்தக் குழி மறைய வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். ஆள் தேறிவிட்டாரா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. குழாய் போனாலும் மாத்திரை போகவில்லை. இன்னும் மூன்று வாரம் சாப்பிட்டார்.

கடைசியாக மருத்துவர் குடல் உள்நோக்கிப் பரிசோதனைக்கு நாள் குறித்தார். கிருமி குடலிலிருந்து ஏன் ஏறியது என்று பார்க்க வேண்டுமாம். தெளிவான காரணம் இல்லாமல் கல்லீரலில் சீழ் பிடித்த சிலருக்குப் பெருங்குடலில் கட்டியோ புற்றோ இருந்தது தெரியவந்திருக்கிறது. பித்தப்பைக் கல்லும் ஒரு காரணமாகலாம். அதை ஸ்கேனிலேயே பார்த்துவிட்டார்கள், இல்லை.

“விலாவுல ஓட்டை போட்டாச்சு, இப்ப அங்கேயுமா?” என்று சித்தப்பா முரண்டு பிடித்தார். மலமிளக்கி குடித்த இரவு முழுக்க என்னைத்தான் திட்டினார், நான்தான் நாள் வாங்கிக் கொடுத்தேன் என்று. பரிசோதனையில் ஒரு சின்னப் பாலிப் இருந்தது. அங்கேயே எடுத்துவிட்டார்கள். ஆய்வக முடிவு இரண்டு வாரத்தில் வந்தது, புற்றில்லை.